மாப்பிள்ளை ஏற்ற பெயர்

"கையெழுத்துப் போட்டா அப்புறம் பேரை மாத்த முடியாது. நல்லா யோசிச்சிட்டீங்களா?" என்று பதிவாளர் திருமதி புரூன்ஸ் கேட்டார்.

"யோசிச்சாச்சு, யோசிச்சாச்சு!" மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் மாமனார் கிளெமென்ஸ் முந்திக்கொண்டார்.

திருமணப் பதிவு அறையே சிரித்தது. மணப்பெண் இம்கெ மட்டும் சிரிக்கவில்லை. கிளெமென்ஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு ஆனந்தக் கண்ணீரைத் துடைக்கவே நேரம் சரியாக இருந்தது.

ஊர் வழக்கப்படி பெண்தான் புருஷன் பெயரை ஏற்பாள். ஆனால் கிளெமென்ஸின் குடும்பப் பெயர் லாக்கன்மன் ஆயிற்றே! அந்தப் பக்கத்துப் பேச்சில் அதற்குத் துணிக்காரர் என்று பொருள். முப்பாட்டன் துணிமூட்டை சுமந்து சம்பாதித்த பெயர், இப்போது தேவாலயத்துக்கு எதிரே நான்கு மாடிக் கடையாக நிற்கிறது. ஊரில் யாரும் கடைக்குப் போகிறேன் என்று சொல்வதில்லை. "லாக்கன்மனுக்குப் போறேன்" என்றுதான் சொல்வார்கள்.

போன வருடம், சந்தைத் திடலில் பெரிய கடை கட்டும் வெளியூர் நிறுவனத்தின் ஆள் வந்து, கடை வேண்டாம், பெயரை மட்டும் கொடுங்கள் என்று விலை பேசினான். "உங்க ஆளுங்கள்ல எவனாவது லாக்கன்மன் இருக்கானா? இல்லேல்ல? அப்ப வாயை மூடிக்கிட்டுப் போ!" என்று கிளெமென்ஸ் விரட்டியடித்தார்.

விரட்டிவிட்டார், சரி. ஆனால் இருப்பது ஒரே மகள். அவள் கல்யாணத்தோடு பெயர் போய்விடும் என்ற கவலை அவரை அரித்தது.

"எனக்கு என் பேரு, அவருக்கு அவர் பேரு. போதும்ப்பா, விடுங்க," என்றாள் இம்கெ.

"நாளைக்குப் பொறக்கற புள்ளைக்கு?"

"அதை அப்பப் பார்த்துக்கலாம். பேரைக் குடுத்து நான் யாரையும் வாங்கப் போறதில்ல."

பெற்ற மகளே துரோகம் செய்துவிட்டாள் என்று கிளெமென்ஸ் கொதித்தார். அவளோடு பேச்சை நிறுத்தினார். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

அப்போதுதான் மாப்பிள்ளை தோர்பன் சமாதானம் பேச வந்தான். புதுக் கடைகளுக்கு அலமாரி விற்கும் பையன். சந்தைத் திடலில் அந்த வெளியூர் நிறுவனம் கட்டும் கடைக்கும் அவன் சரக்குதான். இம்கெவுக்கு அவனைத் தெரிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "எதுக்கு மாமா சண்டை? நானே லாக்கன்மன் ஆயிடறேன்," என்றான். கிளெமென்ஸுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மகள் காட்டாத பாசத்தை மாப்பிள்ளை காட்டுகிறானே என்று அன்றே அவனைக் கட்டிக்கொண்டார். இருவருமாகச் சேர்ந்து இம்கெவைச் சம்மதிக்க வைத்தார்கள்.

"டேய் தோர்பன், இதுல கல்யாணப் பொண்ணு யாரு, நீயா அவளா?" என்று பதிவு அறையின் பின்வரிசையிலிருந்து நண்பர்கள் சீண்டினார்கள். அவன் சிரித்தபடியே, பல நாள் பழகிய கைபோலப் புதுப் பெயரில் கையெழுத்துப் போட்டான். பிறகு பதிவாளர் பக்கம் குனிந்து மெல்ல ஏதோ கேட்டான். அவர் புருவத்தை உயர்த்திச் சட்டப் புத்தகத்தை எடுப்பதற்குள் வாத்தியம் முழங்க, எல்லோரும் வெளியே கிளம்பினார்கள்.

வாசலில் மரக்கட்டை தயாராக இருந்தது. புது ஜோடி இருபுறமும் ரம்பத்தைப் பிடித்து அதை அறுத்தாக வேண்டும். வாழ்க்கையில் சேர்ந்து உழைப்பார்கள் என்பதற்கு அடையாளம். தோர்பன் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு இழு இழு என்று இழுத்தான். இம்கெவும் இப்போது சிரித்துக்கொண்டே ஈடு கொடுத்தாள். கூட்டம் கைதட்டியது.

கிளெமென்ஸ் மதுக் கோப்பையை உயர்த்தினார். "பார்த்தீங்களா! ஆம்பளப் புள்ள இல்லாத குறையைத் தீர்த்துட்டான். இனிமே நான் நிம்மதியாச் சாவேன்!"

அவர் தோளை யாரோ தொட்டார்கள். திருமதி புரூன்ஸ். கையில் புத்தகம், பக்கத்துக்கு நடுவே விரல். பாவம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவரால் சாப்பிடப் போக முடியாது.

"உங்க மாப்பிள்ளை ஒரு சந்தேகம் கேட்டாரு, சார். கூட்டத்துல சொல்ல முடியல. இப்பப் பார்த்துட்டேன்."

"அவன் கையில ரம்பம் இருக்கு. என்கிட்டச் சொல்லுங்க, நானே சொல்லிடறேன்," என்றார் கிளெமென்ஸ், வாயெல்லாம் பல்லாக.

"விவாகரத்து ஆனாலும் பேரு அவருக்கேதான்னு சொல்லிடுங்க."