சோதனை ஓட்டம்

விசையைத் தொட்ட விரல் அப்படியே நின்றது. தொட்டிலில் பிள்ளை புரண்டு படுத்தது.

மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டான். புரண்டதுதான், வேறொன்றுமில்லை. நான்கு மாதப் பெண் குழந்தை, வாயை ஒரு முறை சப்புக்கொட்டிவிட்டு மறுபடி தூக்கத்தில் ஆழ்ந்தது.

இந்த ஓட்டம் ஒழுங்காக முடிந்தால் ரயில் பிழைக்கும். இல்லாவிட்டால் பரண்தான்.

ஆறு வருடமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பொம்மை ரயில். கதவு அகலப் பலகையில் ஒரு வட்டத் தண்டவாளம், ஒரு பாலம், ஒரு குகை, தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்டேஷன். வீட்டில் இருப்பதே இரண்டு அறை. மற்றதில் சுவரெல்லாம் ஓதம். அதனால் ரயிலும் பிள்ளையும் ஒரே அறையில் குடித்தனம் நடத்த வேண்டியதாயிற்று.

போன மாதம் ஒரு மதியம் ஆசையாக ரயிலை ஓட்டினான். மேசையை ஒட்டிப் போட்டிருந்த மரத்தொட்டிலில் பிள்ளை திடுக்கிட்டு விழித்து வீறிட்டது. சமாதானம் செய்ய ஒரு மணி நேரம் பிடித்தது. மனைவி அதிகம் பேசவில்லை.

“இன்னொரு தடவ புள்ள முழிச்சா அது பரணுக்குப் போயிடும். சொல்லிட்டேன்.”

சொன்னால் செய்கிறவள். கல்யாணமான புதிதில் அவனுடைய சிகரெட்டும் அப்படித்தான் ஒரே வார்த்தையில் வீட்டைவிட்டு வெளியேறியது.

ஆனால் அவன் லிஃப்ட் மெக்கானிக். மொட்டைமாடியில் மோட்டார் உறுமினாலும் கீழே படுத்திருப்பவரின் தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. சத்தம் காற்றில் வருவது பாதி, கட்டையில் ஏறி வருவது பாதி என்று அவனுக்குத் தெரியும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மேசைக்கடியிலேயே கிடந்தான். தண்டவாளத்தைப் பலகையோடு இறுக்கியிருந்த திருகாணிகளை எல்லாம் கழற்றி எறிந்தான். இடையில் தக்கைப் பட்டை கொடுத்துப் பசை போட்டு ஒட்டினான். தண்டவாளத் துண்டுகள் சேரும் இடங்களை அரத்தால் தேய்த்து வழவழவென்று ஆக்கினான். பலகைக்கு அடியில் பழைய கம்பளியை இழுத்துக் கட்டினான். மேசைக் கால்களுக்கு, மோட்டாருக்கு அடியில் வைக்கிற தடித்த ரப்பர் கட்டைகள். அந்தக் கையோடு தொட்டிலைத் தள்ளிப் போட்டு அதன் கால்களுக்கும் நான்கு.

ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டிப் பார்த்தான். ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளை இமைகூட அசைக்காமல் தூங்கியது.

அதெல்லாம் வெறும் இன்ஜின். இன்று எட்டுப் பெட்டி, முழு வேகம். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிற மனைவியின் காது இங்கேதான் இருக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

விசையைத் திருப்பினான்.

முதல் சுற்று. பாலத்தின் மேல் லேசாக ஒரு கடகடப்பு. தொட்டிலைப் பார்த்தான். அசைவில்லை.

இரண்டாவது சுற்று. வேகத்தைக் கூட்டினான். குகைக்குள் ரயில் உர்ரென்றது. பிள்ளை தூங்கியது.

மூன்றாவது சுற்றில் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. விசையைக் கடைசிவரை திருப்பினான்.

வளைவில் இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவன் கை நீள்வதற்குள் மேசை விளிம்பைத் தாண்டிவிட்டது. எட்டுப் பெட்டிகளும் அதன் பின்னாலேயே போயின. விளிம்பில் இருந்த எவர்சில்வர் தட்டும், அதில் குவித்திருந்த குறடும் சுத்தியலும் திருகாணிகளும் சேர்ந்து தரையில் இறங்கின.

அப்படி ஒரு சத்தத்தை அந்த வீடு கேட்டதில்லை. தட்டு சுழன்று கணகணத்து அடங்குவதற்குள் தெருவில் ஒரு நாய் குரைத்தது. மாடியில் யாரோ நாற்காலியை இழுத்துக்கொண்டு எழுந்தார்கள். ஈரக் கையோடு மனைவி ஓடி வந்தாள்.

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். எல்லாம் போயிற்று. இனி அழுகைதான் பாக்கி.

அழுகை வரவில்லை.

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. நெற்றிகூடச் சுருங்கவில்லை.

அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நொறுங்கிக் கிடந்த பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, ஏதோ பரிசு வாங்கியவன் போல மனைவியிடம் சொன்னான்.

“பாத்தியா? முழிக்கவே இல்ல.”

அவள் ரயிலைப் பார்க்கவில்லை. அவனையும் பார்க்கவில்லை. தொட்டிலருகே போய் நின்று, பிள்ளையின் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்தாள். பிறகு குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தூங்குகிற குழந்தையைக் கூப்பிடுகிற குரலில் அல்ல. இன்னொரு முறை, இன்னும் சத்தமாக.

அவன் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது.

“என்னங்க, ஒரு தடவ கைதட்டுங்க.”

கம்பி இழுத்துக் காய்ப்பேறிய கைகள். ஓங்கித் தட்டினான். தெருவில் நாய் மறுபடி குரைத்தது.

அவள் தொட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல், அவனுக்கு இடம் விட்டு ஓரமாக நகர்ந்தாள்.

“அங்கிருந்து இல்ல. காதுகிட்ட வந்து தட்டுங்க.”