வெல்வெட் பாக்கெட்

"பந்து குழிக்குள்ள போறத நீ உன் கண்ணால பாத்தியா, கஸ்தூரி?"

போன சனிக்கிழமை, ஒன்பதாவது குழியருகே வந்து சேர்ந்ததும் வீரமுத்து கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பாத்தேன் ஐயா. ரெண்டு தடவ குதிச்சு நேரா உள்ள போச்சு."

அவர் குனிந்து, பந்தைத் தன் கையாலேயே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒரே அடியில் பந்தைக் குழியில் போடுகிறவருக்கு அந்த கோல்ஃப் கிளப் உயர்ந்த ரகப் பை ஒன்றைப் பரிசாகத் தரும். அதைத் தேர்ந்தெடுக்கத்தான் இன்று இருவரும் கிளப் கடைக்கு வந்திருந்தார்கள்.

வீரமுத்து மலேசியாவில், கூலாய் ஊரில் லாரி கம்பெனி நடத்தி ஓய்ந்தவர். கஸ்தூரி பன்னிரண்டு வருடமாக அவரோடு மைதானத்தில் நடப்பவள். பக்கி வண்டி ஓட்டுவது, மட்டை எடுத்துக் கொடுப்பது, பந்து எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொல்வது எல்லாம் அவள்தான். மற்ற உறுப்பினர்கள் பக்கியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவளைப் பேர் சொல்லிக் கேட்பவர் இப்போது இவர் ஒருவர் மட்டுமே.

"இது பாருங்க அங்கிள்," என்றாள் கடையில் வேலை செய்யும் லோஷினி. "பதினாலு தடுப்பு. ஒரு ஸ்டிக் இன்னொரு ஸ்டிக்க இடிக்காது."

"கனமா இருக்கே."

"பக்கியில கட்டுற பேக்தானே. நீங்களா தூக்கப் போறீங்க?"

"கஸ்தூரி, நீ பாத்துச் சொல்லு."

அவள் மண்டியிட்டாள். ஏப்ரன் பையில் ஏதோ கடகடவென்று உருண்டது.

"அக்கா, கடைக்குள்ளயும் பந்தா?"

"புதர்ல கெடந்தா விட்டுட்டா வருவாங்க?" என்ற கஸ்தூரி, பையைத் திருப்பிப் பார்த்தாள். "இது வேணாம் ஐயா. பெல்ட் கட்டினா இந்தப் பாக்கெட் அடியில மாட்டிக்கும். மழைக்கோட்ட எடுக்கறதுக்குள்ள நனைஞ்சிருவீங்க."

"இந்த வெள்ள?"

"நம்ம செம்மண்ணுக்கு ஒரு மாசம் தாங்காது."

"அக்காவ இங்கயே வேலைக்கு வெச்சுக்கலாம் லா," என்றாள் லோஷினி.

மூன்றாவது கருநீலம். பெல்ட் போக தனி வழி இருந்தது. எல்லாப் பாக்கெட்டும் முன்பக்கமே திறந்தன. ஐஸ் தண்ணீர் போத்தல் இரண்டு வைக்க ஓர் இடம். மேலே, உள்ளங்கை அளவில் ஒரு சின்னப் பாக்கெட்.

"அது வாட்ச், மோதிரம் வைக்க. உள்ள வெல்வெட் அங்கிள், கீறாது."

வீரமுத்து அதற்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். "ஜூன் மாசத்தோட ஆட்டத்த நிறுத்திடலாம்னு இருந்தேன்ம்மா. அடிக்கிற பந்து எங்க போகுதுன்னே தெரியல. இவ சொன்னாத்தான் தெரியும்."

"இப்படி ஒரு அடி அடிச்சிட்டு யாராவது நிறுத்துவாங்களா ஐயா?" கஸ்தூரி அவசரமாகச் சொன்னாள். "இத எடுங்க. அஞ்சு வருஷத்துக்கு ஜிப் அசையாது."

அவர் உள்ளே தொங்கிய அட்டையைப் பிடித்து, பொடி எழுத்துகளைப் படித்தார். "ஜிப்புக்கு ஆறு மாசந்தான்னு போட்டிருக்கு."

"கண்ணாடி இல்லாம படிக்கிறீங்களே அங்கிள்!"

"தூரந்தான் தெரியாது. கிட்ட வந்தா எறும்போட காலும் தெரியும்."

கருநீலமே முடிவானது.

"பேரு தைச்சுத் தருவோம், ஃப்ரீ. பெர்மாஸ் ஜெயாவுல இருக்கற தையல் கடைக்கு அனுப்பினா ரெண்டு நாள்ல வந்துரும். கீழ ஒரு நம்பரும் போடலாம்."

"நாலு போடு."

"நாலா? அத யாரும் கேக்க மாட்டாங்களே!"

"அதனாலதான். என்கூட ஆடுற லிம், டான், அப்புறம் நான், மூணு பேருக்கும் ஒரே கம்பெனி பந்து. மாறிடக் கூடாதுன்னு, பந்து மேல போட்டிருக்கிற நம்பர்ல ஆளுக்கு ஒண்ணு. சீனவங்க நாலத் தொட மாட்டாங்க, சாவு நம்பராம். பத்து வருஷமா நாலு எனக்குத்தான். அன்னைக்கும் நாலாம் நம்பர் பந்தத்தான் அடிச்சேன்."

கஸ்தூரி பெல்ட்டின் கொக்கியை மாட்டினாள். கழற்றினாள். மறுபடியும் மாட்டினாள்.

வீரமுத்து சட்டைப் பையிலிருந்து பந்தை எடுத்து, வெல்வெட் பாக்கெட்டுக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். "இனிமே இதுக்கு இதுதான் வீடு."

லோஷினி படிவத்தைக் கொண்டுவந்தாள். "சாட்சிக் கையெழுத்து வேணும். லிம் அங்கிள் போடுவாரா?"

"அவங்க ரெண்டு பேரும் புதருக்குள்ள அவங்க பந்தத் தேடிக்கிட்டிருந்தாங்க. குழிகிட்ட முதல்ல போனது இவதான்." அவர் கஸ்தூரி பக்கம் திரும்பினார். "பாத்திருந்தா பாத்தேன்னு எழுது. பாக்கலன்னா பாக்கலன்னு எழுது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"பாத்தேன் ஐயா."

நிறுத்தி நிதானமாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாள். வீரமுத்து அதை ஒருமுறை படித்துப் பார்த்து மேசையில் வைத்தார்.

"அந்தச் சின்னப் பாக்கெட்டத் தொறந்து பாரு. ஜிப் சரியா ஓடுதான்னு."

அவள் திறந்தாள். வெல்வெட்டின் மேல், அன்று அவர் குழியிலிருந்து எடுத்த பந்து எண் மேலே தெரியும்படி கிடந்தது: இரண்டு.

அவள் நிமிர்ந்தபோது, பையையும் படிவத்தையும் அங்கேயே விட்டுவிட்டு, வீரமுத்து கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்.