வெறும் ஈஸ்ட்

மூன்று வருடமாகச் சகாயராணி, ஒளிரும் புரதம் ஒட்டிய ஈஸ்டில் ஒரு மருந்தைச் சோதித்துவந்தாள். செல் பச்சையாக மின்னினால் மருந்து பலிக்கிறது என்று அர்த்தம். ஆய்வுக் கட்டுரையை அனுப்பவேண்டிய நாளில்தான், எதுவும் ஒட்டாத வெறும் ஈஸ்டிலும் அதே மருந்தை விட்டுப் பார்க்கத் தோன்றியது. அதுவும் மின்னியது. மறுபடி மறுபடி செய்தாள். ஒவ்வொரு முறையும் பச்சை. அப்படியானால் இத்தனை நாளும் மின்னியது புரதமில்லை, மருந்தேதான்.

"கட்டுரைக்குப் படம் ரெடியாம்மா?" என்றபடி அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் தாவீது உள்ளே வந்தார்.

"இது வெறும் ஈஸ்ட் சார்" என்று எழுந்து நுண்ணோக்கியைக் காட்டினாள்.

குனிந்தவர் குவியத்தைத் திருகித் திருகிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமலே, "வேற யாரும் பாக்கலையே?" என்றார் மெல்ல.

"நான் பாத்துட்டேன் சார்."