அன்றைய அதிகாரம்

ஆஸ்பத்திரியில் நினைவின்றிக் கிடந்த கணவனுக்கு, ஞானசெல்வம் தினமும் காலையில் வேதம் வாசித்துக் காட்டுவாள். கர்த்தர் அவரை எழுப்பித் தருவார் என்று முழுதாக நம்பியிருந்தாள். அன்று விடியும்போது அவர் மூச்சு நின்றுவிட்டது. வேதப்புத்தகத்தைப் பைக்குள் அடியில் திணித்துவிட்டு, உடலைக் கொண்டுபோகும் வண்டிக்காகக் காத்திருந்தாள்.

அடுத்த கட்டிலில் கிடந்த மகளை விட்டு எழுந்து, பேச்சியம்மாள் தயங்கித் தயங்கி வந்தாள்.

"கேக்கக் கூடாதுதான்க்கா... போறதுக்கு முன்ன இன்னைக்கு உள்ள அதிகாரத்த வாசிச்சிருங்களேன்."

"இத்தன நாளும் வாசிச்சேனே பேச்சி, ஆண்டவருக்குக் கேக்கலியே."

"எங்களுக்குக் கேட்டுச்சேக்கா. எம்மவ அதக் கேட்டுத்தான் கண்ணசருறா."

ஞானசெல்வம் அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். காய்ச்சலில் சிவந்த கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. பையைத் துழாவிப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். முதல் வரியிலேயே குரல் உடைந்தது. அழுகைக்கு நடுவே, அந்த வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.