வெறும் நெற்றி

“உங்க வீட்டுக்காரர் தவறி எவ்ளோ நாளாச்சுங்க?”

ஜோதியம்மாள் பாவம் பார்த்துத்தான் கேட்டாள். பக்கத்துக் கட்டிலில் கிடந்த பையனுக்கு விசிறிக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்கு நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் தாலி இல்லை, கையில் ஒரு வளையல்கூட இல்லை. உடுத்தியிருந்ததோ வெள்ளைப் புடவை. வேறென்ன நினைப்பதாம்?

விசிறிய கை அப்படியே நின்றது. பதில் கட்டிலில் இருந்து வந்தது.

“ஏங்க, எங்கப்பா குத்துக்கல்லாட்டம் இருக்காரு. எங்கம்மா பெந்தெகொஸ்தே சபைக்குப் போறவங்க. பூ, பொட்டு, தாலி எதுவும் போட மாட்டாங்க.”

ஜோதியம்மாளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. ஒரு சுமங்கலியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? காலொடிந்து படுத்திருந்த அவள் புருஷன் வேறு, “உன் வாயைத் தைக்கணும்டி” என்று முறைத்தார்.

பையன் பெயர் மாறன். அப்பாவுக்குத் தெரியாமல் பைக்கை எடுத்துப் போய் விழுந்து, முதுகெலும்பு நொறுங்கியிருந்தது. மத்தியானம் ஆபரேஷன். பிழைப்பதே சந்தேகம், இதில் மனசு அலைபாய்ந்து பிரஷர் ஏறினால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் பார்க்க வந்த சொந்தக்காரர்களை எல்லாம் அவன் அம்மா சாராள் வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

“அப்பா ஏம்மா வரல? இன்னும் கோவமா?”

“கோவமெல்லாம் இல்லப்பா.”

“பௌர்ணமியாச்சே, கடையில கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்” என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் அவர்களுக்கு டீக்கடை. “எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க” என்று ஜோதியம்மாளிடமும் பெருமையாகச் சொன்னான்.

அவன் கண்ணயர்ந்ததும் ஜோதியம்மாள் மெல்ல நகர்ந்து வந்தாள்.

“நான் கேட்டதை மனசுல வச்சுக்காதீங்க. ஆனா, தாலியைக் கழட்ட எப்படிங்க மனசு வந்துச்சு?”

“போதகர் சொன்னாரு, கீழ்ப்படிஞ்சேன். கழட்டிட்டு ஒரு வாரம் அழுதேங்க. ‘எங்கண்ணன் இருக்கும்போதே இந்தக் கோலமா’ன்னு என் கொழுந்தனாரு பேச்சையே நிறுத்திட்டாரு. இவங்க அப்பாதான், ‘உனக்கு எது நிம்மதியோ செய்’னு விட்டுட்டாரு.”

“இவ்ளோ நடந்தும் நம்பிக்கை இருக்கா?”

“அப்ப பயத்துல கீழ்ப்படிஞ்சேன். இப்பதாங்க நிஜமாவே நம்புறேன். வேற யாரு இருக்கா எனக்கு?”

ஜோதியம்மாளுக்கு என்னவோ நம்பிக்கை வரவில்லை. டாக்டரின் முகத்தை அவளும் பார்த்திருந்தாள்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. சாராள் மகன் தலையில் கை வைத்து ஜெபித்தாள். குரல் பிசிறவில்லை.

“அப்பாகிட்ட சாரி சொல்லிடும்மா” என்றான் மாறன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையே என்று ஜோதியம்மாள் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். தியேட்டர் கதவு மூடியதும், தூணோரம் நின்றிருந்த ஒரு ஆள் சாராளிடம் வந்தார். அழுது கண் சிவந்திருந்தது. அவர் “அண்ணி” என்று கூப்பிட்டதில்தான், பேச்சை நிறுத்திய கொழுந்தனார் இவர் என்பது ஜோதியம்மாளுக்குப் புரிந்தது.

“அண்ணி, அண்ணனைக் குளிப்பாட்டி வச்சாச்சு. புள்ள விழுந்த சேதி கேட்டு நெஞ்சைப் புடிச்சவரு, தூங்குற மாதிரியே இருக்காரு. நீங்க வந்து முகம் பாத்தப்புறம்தான் எடுக்கணும்.”

“ஆபரேஷன் முடியட்டும், வரேன்.”

அவர் தயங்கினார். “பையனுக்குச் சந்தேகம் வரலியே அண்ணி?”

“என்னைப் பாத்து எப்படித் தம்பி தெரியும்?”