நகராத நாலாம் நம்பர்

"அந்தா நிக்கிறாரே நாலாம் நம்பர், இத்ரீஸ். ஆளு எப்பிடி?"

மைதானத்தின் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்றிருந்த சுயம்புலிங்கம் திரும்பிப் பார்த்தார். வெள்ளைச் சட்டையும் தொழுகைத் தொப்பியும் போட்ட ஒருவர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். விரலில் கார் சாவி சுழன்றது. அவருக்குப் பின்னால் நின்ற காரில் கேரளா நம்பர்.

சுயம்புலிங்கம் அந்த நம்பரை இன்னொரு முறை பார்த்தார்.

போன வருடமும் இப்படித்தான். இதே கம்பம் மைதானத்துக்கு இதே மாதிரி ஒருவர் மலையிறங்கி வந்தார், இனிக்க இனிக்கப் பேசினார். மறுவாரமே லெப்ட் விங் சூரியபிரகாஷ் எல்லை தாண்டி, அங்கே ஒரு கால்பந்து கிளப்பில் சேர்ந்துவிட்டான். விங் போனால் வேறொருவனை ஓடவிட்டுச் சமாளிக்கலாம். இத்ரீஸ் போனால் என்ன செய்வது? வருகிற ஞாயிற்றுக்கிழமை பைனல். எதிரணி சின்னமனூர்.

"பாய் எந்த ஊரு?"

"குமுளி. பேரு உமர் பாருக். ஏலக்காய் வியாபாரம்."

சந்தேகமே இல்லை. அந்தப் பக்கம் கிளப் நடத்துகிற பாதிப் பேர் வியாபாரிகள்தான்.

சுயம்புலிங்கம் பகலில் சொட்டுநீர்க் குழாய் விற்பவர், மாலையில் கோச். இத்ரீஸ் ஒருவனுக்காக டிஃபென்ஸையே மாற்றிப் போட்டவர். போன சீசனில் ஆளுக்கு ஆள் மார்க்கிங்தான் ஆடவைத்தார். இத்ரீஸுக்கு ஓட்டம் போதாது. எதிராளி இழுத்த இழுப்புக்கெல்லாம் பின்னால் போவான். அவன் விட்டுப்போன இடத்தில் கோல் விழும். தோற்ற ஆட்டங்களை செல்போனில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பந்து எங்கே வரும் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரிகிறது. கால்தான் போய்ச் சேரவில்லை.

அன்றோடு துரத்துகிற வேலையை மற்ற மூன்று பேருக்குக் கொடுத்தார். நீ ஆளைப் பார்க்காதே, கோலுக்கு முன்னால் உன் இடத்தைப் பார் என்று இத்ரீஸை நிறுத்தினார். அதற்குப் பிறகு ஆறு ஆட்டத்தில் இரண்டே கோல்தான் வாங்கினார்கள்.

இதைச் சொன்னால் இன்றைக்கே கொத்திக்கொண்டு போய்விடுவார். மட்டம் தட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

"அவனா? ரொம்ப மந்தம், பாய். வெரட்டிப் போக மாட்டான். முன்னால ஒருத்தன் என்ன ஆட்டம் காட்டுனாலும் கூடப் போக மாட்டான். வச்ச எடத்துல வச்ச மாதிரி நிப்பான்."

உமர் பாருக் "அப்படியா" என்று மட்டும் சொன்னார். கோபம் வருமா என்று அடுத்த கேள்வி.

"கோவமா? இடிச்சுத் தள்ளுனாலும் திருப்பி ஒரு வார்த்தை வராது. மூணு வருசத்துல ஒரு மஞ்சக் கார்டு வாங்கல. டிஃபெண்டர்னா கொஞ்சமாச்சும் மொரட்டுத்தனம் வேணாமா?"

வேறு யாராவது வந்து கேட்டார்களா என்றார் உமர் பாருக். ஒருத்தரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றார் சுயம்புலிங்கம். உடம்புக்கு ஏதும் நோவு உண்டா என்று வந்தவர் கேட்டார். முழங்கால் போச்சு என்று சொல்ல வாயெடுத்த நேரம் பார்த்து, இத்ரீஸ் எல்லார் தலைக்கும் மேலே எம்பி, கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி நடு மைதானத்துக்கு அனுப்பினான்.

சுயம்புலிங்கம் வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"உடம்பு கெடக்கு, பாய். ஆசை வேணும்ல? நீயும் முன்னால போயி ஒரு கோல் போடுறான்னா, பின்னால யாரு பாத்துக்கிறதுன்னு கேக்குறான். இவனெல்லாம் எங்கன பேரு வாங்கப் போறான்?"

உமர் பாருக்கின் பார்வை நாலாம் நம்பரை விட்டு அசையவில்லை. சுயம்புலிங்கத்துக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது. கையில் இருந்ததிலேயே பெரிய குண்டை எடுத்துப் போட்டார். அதில் துளியும் பொய் கலக்கவில்லை.

"இன்னொண்ணு சொல்லிர்றேன். வெளியூருக்கு அவன் சரிப்படவே மாட்டான். அவுக அம்மா இங்கன ஒத்தையில இருக்காக. மச்சான் துபாய்க்கு விசாவே அனுப்புனாக. எங்கம்மாவ விட்டுட்டு எங்கிட்டும் வரலைன்னு திருப்பி அனுப்பிட்டான்."

உமர் பாருக் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினார். பிறகு, போதும் சார், வெவரம் தெரிஞ்சுபோச்சு என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

சுயம்புலிங்கத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தோளிலிருந்த துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை கோலுக்கு முன்னால் இத்ரீஸ் நிற்பான். சின்னமனூர்க்காரன் எந்தப் பக்கம் வந்தாலும் வரட்டும்.

துண்டை எடுத்தபோது உமர் பாருக் மறுபடி எதிரே நின்றார். இவருடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"பள்ளிவாசல்ல கேட்டேன், பஜார்ல கேட்டேன். எல்லாரும் ஒரேயடியாப் புகழ்ந்தாக, எனக்கு நம்பிக்கை வரல. நீங்க ஒருத்தர்தான் சார் ஒளிக்காம சொன்னீக. மூத்த மருமகனுக ரெண்டு பேருமே கண்டதுக்குப் பின்னால ஓடுறவனுக. கடைசி மக ரெஹானாவையாச்சும் வீடு தங்குற மாப்பிள்ளைக்குக் குடுக்கணும்னு ரெண்டு வருசமா அலையிறேன். ஞாயித்துக்கிழமை மேட்ச் முடியட்டும், அவுக வீட்டுக்கு நீங்களும் எங்ககூட வந்து பேசி முடிச்சுத் தரணும்."