எழும்பாத கை

மனைவியை அடிக்கக் கை ஓங்கினால் இரு தோள்களுக்குள்ளும் பதித்த சில்லு மருந்தை விடும்; கைகள் மரத்துத் தொங்கிவிடும். தண்டபாணிக்குக் கோர்ட் விதித்த வைத்தியம் அது.

சில்லில் மருந்து நிரப்ப மாதாமாதம் வீட்டுக்கு வரும் மருந்தாளுநர் பரிமளா, அவன் சட்டையைக் கழற்றியதும் அதிர்ந்தாள். முதுகெல்லாம் சூடு வைத்த தழும்பு. விலாவில் இன்னும் காயாத ரத்தம்.

“தடுக்கக் கையத் தூக்கினாக்கூட மரத்துப்போகுது மேடம். கொஞ்சம் டோஸக் குறைங்க.”

அவன் மனைவி செண்பகம் பூரிக்கட்டையோடு வந்து காதோடு சேர்த்து ஒன்று வைத்தாள். எழும்பப் பார்த்த அவன் கைகள் ஈரத்துணியாய்த் தொங்கின.

“கல்யாணமான நாள்லேருந்து எனக்குந்தான் தடுக்கக் கை எழும்பல மேடம். எனக்கு யாரு மருந்து போட்டது?”

பரிமளா ஊசியில் முழு டோஸையும் ஏற்றினாள்.